மேற்குக்குப் பத்திரம், கிழக்குக்குப் பஞ்சாயத்து: லொகார்னோவில் நடந்தது என்ன?

நம் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் வெர்சாய் உடன்படிக்கை முடிந்து பக்கத்தைத் திருப்பினால் ஹிட்லர் வந்து நிற்பார். 1919-இல் ஜெர்மனியைக் கையெழுத்துப் போடவைத்தார்கள், 1933-இல் அவர் ஆட்சிக்கு வந்தார், 1939-இல் மறுபடியும் போர். இருபது வருடம் மூன்று வரியில் ஓடிவிடும். ஆனால் அந்த இருபதுக்கு நடுவே, ஏறக்குறைய 1925 முதல் 1929 வரை, 'அப்பாடா, ஒருவழியாகப் போர் முடிந்தது' என்று ஐரோப்பாவில் பலர் மனதார நம்பிய காலம் ஒன்று இருந்தது. அந்த நம்பிக்கைக்கு ஓர் ஊரின் பெயரையே வைத்திருந்தார்கள்: லொகார்னோ.

சுவிட்சர்லாந்தின் தெற்கே, மஜ்ஜோரே ஏரிக்கரையில் இருக்கும் சின்ன ஊர். 1925 அக்டோபர் 5 முதல் 16 வரை பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், போலந்து, செக்கோஸ்லோவாக்கியா ஆகிய ஏழு நாடுகளின் பிரதிநிதிகள் அங்கே கூடினார்கள். கிளம்பும்போது கையில் ஒரு கட்டு ஒப்பந்தங்கள் இருந்தன. அவற்றுக்காக 1925, 1926-ஆம் ஆண்டுகளுக்கான நோபல் அமைதிப் பரிசு மூன்று வெளியுறவு அமைச்சர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பத்தரை வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் ஜெர்மன் சிப்பாய்கள் சில பாலங்களைத் தாண்டி நடந்தார்கள். அந்தக் கட்டில் முக்கியமான ஒப்பந்தம் அத்தோடு செத்தது.

ஏமாளிகள் கையெழுத்துப் போட்டார்கள், மோசக்காரன் கிழித்தான் என்று இதை முடித்துவிடலாம். ஆனால் அந்தக் காகிதங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் விரிசல் எழுதியபோதே உள்ளே இருந்தது தெரியும். விசித்திரம் என்னவென்றால், அந்த விரிசல் இருந்ததால்தான் எல்லோராலும் கையெழுத்துப் போட முடிந்தது.

முதலில் பிரான்சின் பயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். போரில் ஜெயித்த நாடுதான். ஆனால் பதிமூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பறிகொடுத்து ஜெயித்த நாடு. அதன் மக்கள்தொகை சுமார் நான்கு கோடி. பக்கத்து வீட்டு ஜெர்மனிக்கு ஆறு கோடிக்கு மேல். ஜெர்மனி மறுபடி எழுந்தால் தனியாகத் தாங்க முடியாது என்பது பாரிஸில் எல்லோருக்கும் தெரியும். அதனால் 1919-இல் ரைன் நதியையே ராணுவ எல்லையாக்கிவிட வேண்டும் என்று கேட்டார்கள். அமெரிக்காவும் பிரிட்டனும், 'அதெல்லாம் வேண்டாம், உங்களைத் தாக்கினால் நாங்கள் வருகிறோம்' என்று தனித்தனியாக எழுதிக் கொடுத்தன. அமெரிக்க செனட் ஒப்புதல் தரவில்லை. பிரிட்டனின் வாக்குறுதி அமெரிக்காவின் வாக்குறுதியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததால் அதுவும் கூடவே போயிற்று.

பிரான்ஸின் கையில் மிஞ்சியது ரைன்லாந்து பற்றிய ஷரத்துகள். ரைன் நதியின் மேற்குக் கரை முழுவதிலும், கிழக்குக் கரையில் 50 கிலோமீட்டர் அகலத்துக்கும் ஜெர்மனி படை வைக்கக் கூடாது, கோட்டை கட்டக் கூடாது. வெர்சாய் உடன்படிக்கையின் 42, 43-ஆம் ஷரத்துகள் இவை. மறந்துவிடாதீர்கள், பின்னால் திரும்ப வரும். இது போக மேற்குக் கரையில் நேச நாட்டுப் படைகள் தங்கும். கொலோன், கோப்ளென்ஸ், மைன்ஸ் என மூன்று மண்டலங்களாகப் பிரித்து ஐந்து, பத்து, பதினைந்து ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் காலிசெய்யும்.

இழப்பீட்டுத் தகராறு தனி. 1921-இல் 13,200 கோடி தங்க மார்க் என்று தொகை நிர்ணயித்தார்கள். ஜெர்மனி இழுத்தடித்தது. 1922 கடைசியில் தந்திக் கம்பத்துக்கான மரங்கள் சரியாக வந்துசேரவில்லை என்பது ஒரு குற்றச்சாட்டு, அடுத்தது நிலக்கரி. 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் நிலக்கரியும் எஃகும் விளையும் ரூர் பகுதிக்குள் புகுந்தன. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அரசு நோட்டு அச்சடித்து அவர்களுக்குக் கூலி கொடுத்தது, நவம்பரில் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க்குக்குப் போய் நின்றது. ஜெர்மனி நொறுங்கியது சரி, பிரான்சுக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. பிராங்கின் மதிப்பு இறங்கியது, லண்டனும் வாஷிங்டனும் முகம் சுளித்தன. அடித்து வசூலிக்க முடியாது என்று பாரிஸுக்கும், அடம்பிடித்துத் தப்ப முடியாது என்று பெர்லினுக்கும் அந்த ஒரே வருடத்தில் உறைத்தது.

இந்த இடத்தில்தான் குஸ்டாவ் ஸ்ட்ரெஸ்மான் வருகிறார். பெர்லினில் பீர் வியாபாரம் செய்தவரின் மகன். போர்க்காலத்தில் ஊரையெல்லாம் ஜெர்மனியோடு சேர்க்கச் சொன்ன தீவிர தேசியவாதி. 1923-இல் சில மாதங்கள் சான்சலராக இருந்து ரூர் போராட்டத்தை நிறுத்தினார். அப்புறம் 1929-இல் சாகும்வரை, அரசுகள் மாறினாலும் அவரே வெளியுறவு அமைச்சர். போரில் தோற்ற நாட்டிடம் படை இல்லை. ஒரு லட்சம் பேர் என்று உச்சவரம்பு. அப்போது பேச்சும் வியாபாரமும்தான் ஆயுதம் என்று அவர் கணக்குப் போட்டார்.

1925 ஜனவரியில் கொலோன் மண்டலத்தைக் காலிசெய்திருக்க வேண்டும். ஆயுதக் குறைப்பு விதிகளை ஜெர்மனி மீறுகிறது என்று சொல்லி நேச நாடுகள் நகர மறுத்தன. அந்த மாதமே ஸ்ட்ரெஸ்மான், பெர்லினில் இருந்த பிரிட்டிஷ் தூதர் டாபர்னன் கொடுத்த யோசனையைப் பிடித்துக்கொண்டு லண்டனுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். பிப்ரவரியில் பாரிஸுக்கும் போயிற்று. பிரான்சோடும் பெல்ஜியத்தோடும் உள்ள எல்லையை இப்போது இருக்கிறபடியே ஏற்கத் தயார், அதைப் பிரிட்டனும் இத்தாலியும் காக்கட்டும் என்பது அதன் சாரம்.

போரில் தோற்று பிரான்சிடம் இழந்த அல்சாஸ்-லோரெய்ன் பகுதியைத் தானாக முன்வந்து ஜெர்மனி விட்டுக்கொடுக்கிறதே என்று தோன்றும். போனது எப்படியும் போனதுதான். படை இல்லாதவன் திரும்ப எடுக்கப் போவதில்லை. ஆனால் எல்லை என்பது இரு பக்கமும் பார்க்கிற கோடு. ஜெர்மனி அதைத் தாண்டினால் பிரிட்டன் பிரான்சுக்கு உதவ வரும் என்றால், பிரான்ஸ் தாண்டினால் பிரிட்டன் ஜெர்மனிக்கு உதவ வர வேண்டும். இன்னொரு ரூர் படையெடுப்புக்கு அத்தோடு கதவு சாத்தியாயிற்று. இழந்ததையே திரும்ப ஒருமுறை கொடுத்துவிட்டு, பாதுகாப்பை வாங்கிக்கொண்டார் மனிதர்.

பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டன் சேம்பர்லின். 1938-இல் பிரதமராக, ஹிட்லரோடு சமரசம் பேசக் குடையோடு மியூனிக் போன நெவில் சேம்பர்லினின் அண்ணன், தாய் வேறு. ஐரோப்பாவில் எங்கே ஆக்கிரமிப்பு நடந்தாலும் எல்லோரும் சேர்ந்து எதிர்ப்பது என்ற 1924-ஆம் ஆண்டு ஜெனீவா திட்டத்தை அவருடைய அரசு அப்போதுதான் நிராகரித்திருந்தது. அதே நேரம் பிரான்சைப் பயத்தில் தனியே விட்டால் மறுபடி ஏதாவது செய்துவைக்கும் என்ற கவலையும் இருந்தது. அளவோடு ஒரு வாக்குறுதி வேண்டும். அளவு எங்கே முடிகிறது என்பதை 1925 பிப்ரவரியில் பாரிஸ் தூதருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்லிவிட்டார்: போலந்து தாழ்வாரத்துக்காக (போலந்து கடலை எட்ட 1919-இல் ஜெர்மனியிடமிருந்து பிரித்துக் கொடுத்த நிலத்துண்டு) ஒரு பிரிட்டிஷ் சிப்பாயின் எலும்பைக்கூட எந்த பிரிட்டிஷ் அரசும் பணயம் வைக்காது, வைக்கவும் முடியாது. பால்கன் பற்றி பிஸ்மார்க் ஒரு காலத்தில் சொன்னதை எடுத்து போலந்துக்குப் போட்டுக்கொண்டார்.

மூன்றாமவர், பிரான்சின் அரிஸ்டிட் பிரியாண்ட். பேச்சில் மன்னர், கோப்புகளைப் படிக்கமாட்டார் என்று பெயர். பிரிட்டனின் கையெழுத்து கிடைத்தால் போதும், மற்றதெல்லாம் அப்புறம் என்பது அவர் கணக்கு. 1919-இலிருந்து பிரான்ஸ் தேடிக்கொண்டிருந்த பொருள் அது.

லொகார்னோவில் முதலில் கண்ணில் பட்டது மரியாதைதான். 1919-இல் ஜெர்மன் பிரதிநிதிகளிடம் உடன்படிக்கையைக் கையில் கொடுத்து, சொல்வதை எழுத்தில் சொல்லுங்கள் என்றார்கள். நேருக்கு நேர் பேச்சு கிடையாது. இங்கே சான்சலர் ஹான்ஸ் லூதரும் ஸ்ட்ரெஸ்மானும் மற்றவர்களோடு ஒரே மேஜையில் சமமாக உட்கார்ந்தார்கள். பக்கத்து அஸ்கோனா கிராமத்தில் ஒரு சின்ன விடுதியில் பிரியாண்டும் லூதரும் தனியாகச் சந்தித்துப் பேசினார்கள். ஐந்து வருடம் முன்பு இது நடந்திருந்தால் பாரிஸில் அரசு கவிழ்ந்திருக்கும்.

அக்டோபர் 10 அன்று நடந்த படகுச் சவாரிதான் எனக்குப் பிடித்த காட்சி. சேம்பர்லினின் மனைவிக்குப் பிறந்தநாள். அதைச் சாக்காக வைத்து ஏரியில் சுற்றிவர ஒரு படகு ஏற்பாடானது. 'ஆரஞ்சுப் பூ' என்று பொருள்படும் இத்தாலியப் பெயர் அதற்கு. பத்திரிகைக்காரர்கள் ஏற முடியாது, யாரும் கோபித்துக்கொண்டு நடுவில் இறங்கிப் போகவும் முடியாது. மாநாட்டின் தீராத சிக்கலை அந்தப் படகில்தான் அவிழ்த்தார்கள்.

சிக்கல் இது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வர ஜெர்மனி பன்னாட்டுச் சங்கத்தில் (லீக் ஆஃப் நேஷன்ஸ், இன்றைய ஐ.நா.வுக்கு முன்னோடி) சேர வேண்டும். சங்கத்தின் சாசனத்தில் 16-ஆம் ஷரத்துப்படி, ஆக்கிரமிப்பு செய்யும் நாட்டின்மீது உறுப்பினர்கள் எல்லோரும் பொருளாதாரத் தடை விதிக்க வேண்டும். சங்கத்தின் சார்பில் போகும் படைகளுக்கு வழிவிட வேண்டும். நாளைக்கு சோவியத் ரஷ்யா போலந்தைத் தாக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுப் படை ஜெர்மனி வழியாகத்தான் போக வேண்டும். ரஷ்யாவோடு ஜெர்மனி 1922-இலேயே ராப்பல்லோவில் தனியாகக் கைகுலுக்கியிருந்தது. அந்த உறவை ஸ்ட்ரெஸ்மான் விடமாட்டார். கடைசியில் ஒரு வாசகம் கண்டுபிடித்தார்கள்: ஒவ்வொரு நாடும் தன் ராணுவ நிலைமைக்கு ஒத்துவரும் அளவிலும், தன் புவியியல் அமைப்பைக் கணக்கில் கொண்டும் ஒத்துழைக்கும். அளவை யார் அளப்பது என்று எழுதவில்லை. ஜெர்மனி தன் விருப்பப்படி அளந்துகொள்ளலாம் என்றுதான் பொருள். படகு கரை திரும்பி இரண்டு நாளில், அக்டோபர் 12-இல், மாஸ்கோவில் ஜெர்மனியும் ரஷ்யாவும் வர்த்தக உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ஸ்ட்ரெஸ்மான் இரண்டு அடுப்பிலும் உலை வைத்திருந்தார்.

அக்டோபர் 16 அன்று எல்லாக் காகிதங்களிலும் சுருக்கொப்பம் இட்டார்கள். சேம்பர்லினுக்கு அன்று 62-ஆவது பிறந்தநாள். முசோலினி கடைசி நேரத்தில் விசைப்படகில் ஏரியைக் கடந்து வந்து இறங்கினார். இத்தாலிய எதிர்க்கட்சித் தலைவர் மத்தியோத்தியின் கொலை நினைவில் இருந்த நிருபர்கள் பலர் அவருடைய பேட்டியைப் புறக்கணித்தார்கள்.

சரி, அந்தக் கட்டில் என்ன இருந்தது? மையமாக ஒரு ஒப்பந்தம்: ரைன்லாந்து உத்தரவாத ஒப்பந்தம். பிரான்ஸ்-ஜெர்மனி, பெல்ஜியம்-ஜெர்மனி எல்லைகள் இருக்கிறபடி இருக்கும். ரைன்லாந்து படையில்லாப் பகுதியாகத் தொடரும். மூவரும் ஒருவரையொருவர் தாக்கமாட்டார்கள். மீறினால் பாதிக்கப்பட்டவருக்கு உதவ பிரிட்டனும் இத்தாலியும் வரும். நம் ஊர் மொழியில் சொன்னால் ஜாமீன் கையெழுத்து. ஆனால் விநோதமான ஜாமீன். கடன் வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் ஒரே ஆள் ஜாமீன் நிற்பதுபோல, பிரிட்டன் பிரான்சுக்கும் ஜாமீன், ஜெர்மனிக்கும் ஜாமீன்.

இந்த ஜாமீன் எப்போது செயலுக்கு வரும் என்பதற்கு இரண்டு வழி வைத்திருந்தார்கள். சாதாரண மீறல் என்றால் விஷயம் ஜெனீவாவில் இருக்கும் சங்கத்தின் கவுன்சிலுக்குப் போகும்; அது 'மீறல்தான்' என்று தீர்ப்புச் சொன்ன பிறகு உதவி. அப்பட்டமான மீறல் என்றால் கவுன்சிலுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே உதவி. ரைன்லாந்துக்குள் படை நுழைந்தால் அது அப்பட்டமான மீறலா? அது தூண்டுதல் இல்லாத தாக்குதல் செயலா, உடனடி நடவடிக்கை தேவைப்படுகிற அளவுக்கு அங்கே படை திரண்டிருக்கிறதா என்பதை ஜாமீன்தாரரே பார்த்து முடிவுசெய்ய வேண்டும். வட்டிக்கடைக்காரர் யாரும் இப்படி ஒரு ஜாமீனை ஏற்கமாட்டார்.

இன்னொரு சிக்கல் நடைமுறையில் தெரிந்தது. பிரிட்டிஷ் ராணுவம் பிரெஞ்சு ராணுவத்தோடு உட்கார்ந்து, ஜெர்மனி தாக்கினால் எத்தனை டிவிஷன், எந்தத் துறைமுகம் என்று திட்டம் போட முடியாது. போட்டால் நடுநிலை போய்விடும். அதே திட்டத்தை ஜெர்மன் ராணுவத்தோடு பிரான்சுக்கு எதிராகவும் போட வேண்டியிருக்கும். அதனால் யாரோடும் போடவில்லை. பிரிட்டன் தன் வரலாற்றிலேயே பெரிய ராணுவ வாக்குறுதி ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதற்காக ஒரு பட்டாளத்தைக்கூடக் கூடுதலாக ஏற்பாடு செய்யவில்லை. லண்டனில் அதைப் பெரிய குறையாக யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. ஜாமீன் போட்டாயிற்று, இனி ஐரோப்பாவுக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதுதான் அங்கே இருந்த மனநிலை.

ஒன்பதாவது ஷரத்து நமக்குச் சம்பந்தப்பட்டது. பிரிட்டிஷ் டொமினியன்களையோ இந்தியாவையோ இந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது, அந்தந்த அரசு ஏற்றுக்கொண்டால் ஒழிய. கனடாவும் ஆஸ்திரேலியாவும் 1914-போல லண்டன் போட்ட சண்டைக்கு மறுபடி ஆள் அனுப்பத் தயாராக இல்லை என்பதன் எதிரொலி அது. 'இந்திய அரசு' என்று அங்கே எழுதியிருப்பது வைஸ்ராயின் அரசை என்பதால் நம் தாத்தாக்களுக்கு அதில் பெரிய ஆறுதல் ஒன்றும் இல்லை.

இப்போது கிழக்கே திரும்புவோம். ஜெர்மனி போலந்தோடும் செக்கோஸ்லோவாக்கியாவோடும் போட்டுக்கொண்டவை மத்தியஸ்த ஒப்பந்தங்கள் மட்டுமே. தகராறு வந்தால் மத்தியஸ்தர் முன் போவோம் என்பதுதான் அதில் இருந்தது. எல்லை இதுதான், இதை மாற்றமாட்டோம் என்று ஒரு வரி கிடையாது. பிரிட்டனின் ஜாமீன் கிடையாது, இத்தாலியின் ஜாமீன் கிடையாது. மேற்கு எல்லைக்குப் பதிவு செய்த பத்திரம். கிழக்கு எல்லைக்கு, பிரச்சினை வந்தால் பஞ்சாயத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற கதை. அந்தக் குறையை மூட பிரான்ஸ் தன் பங்குக்கு அந்த இரு நாடுகளோடும் தனித்தனி உதவி ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. ஆனால் பிரெஞ்சுப் படை போலந்துக்கு உதவ வேண்டுமானால் மேற்கிலிருந்து ஜெர்மனிக்குள் நுழைய வேண்டும். ரைன்லாந்து காலியாக இருக்கும்வரைதான் அது சுலபம்.

போலந்து வெளியுறவு அமைச்சர் ஸ்க்ஷின்ஸ்கியும் செக்கோஸ்லோவாக்கியாவின் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் பெனெஷும் முக்கியப் பேச்சுகளின்போது அறைக்கு வெளியே இருந்தார்கள். முக்கால்வாசி முடிந்தபிறகே உள்ளே அழைக்கப்பட்டார்கள். ஸ்ட்ரெஸ்மானுக்கு அதில் ஒளிவுமறைவில்லாத சந்தோஷம். மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்பு, 1925 செப்டம்பர் 7 அன்று, முன்னாள் பட்டத்து இளவரசருக்கு எழுதிய கடிதத்தில் தன் நோக்கங்களை வரிசையாகவே எழுதியிருந்தார். அதில் கிழக்கு எல்லையைத் திருத்துவதும் ஒன்று: டான்சிக், போலந்து தாழ்வாரம், மேல் சிலேசியா. அவர் இறந்தபிறகு 1932-இல் இந்தக் கடிதம் வெளியானபோது அமைதி விரும்பி என்ற அவர் பெயருக்கு அடி விழுந்தது.

அவரை அதற்காக இரட்டை வேடக்காரர் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கிழக்கு எல்லையை ஏற்கிறேன் என்று சொல்லும் எந்த அமைச்சரும் அன்றைய ஜெர்மனியில் ஒரு வாரம் பதவியில் இருந்திருக்க முடியாது, இடதுசாரிகளே ஒப்புக்கொண்டிருக்கமாட்டார்கள். மாற்றத்தைப் பேசிப் பெறலாம் என்று அவர் நினைத்தார். பிரியாண்டோ இது ஆரம்பம், மெல்ல மெல்லக் கிழக்கையும் சேர்த்துவிடலாம் என்று நினைத்தார். சேம்பர்லினுக்கு இதுவே எல்லை, இதற்கு மேல் பிரிட்டன் வராது. தொடக்கம், படிக்கட்டு, முற்றுப்புள்ளி என்று ஒரே காகிதத்தை மூன்று பேர் மூன்று விதமாகப் படித்தார்கள். விளக்கம் கேட்டிருந்தால் கையெழுத்து நடந்திருக்காது.

டிசம்பர் 1 அன்று லண்டனில் முறையான கையெழுத்து. வெளியுறவு அலுவலகத்தில் அது நடந்த மண்டபத்துக்கு இன்றும் லொகார்னோ என்றுதான் பெயர். 1926 ஜனவரி முடிவதற்குள் கொலோனைக் காலிசெய்தார்கள். மார்ச்சில் ஜெர்மனியைச் சங்கத்தில் சேர்க்கக் கூடினால், எனக்கும் கவுன்சிலில் நிரந்தர இடம் வேண்டும் என்று பிரேசில், ஸ்பெயின், போலந்து எல்லாம் கிளம்பின. பிரேசில் விடாப்பிடியாக நின்றதால் ஜெர்மன் குழு வெறுங்கையோடு ஊர் திரும்பியது. ஏப்ரலில் பெர்லின் ரஷ்யாவோடு நடுநிலை ஒப்பந்தம் போட்டது. செப்டம்பரில் ஒருவழியாகச் சேர்ந்தது. அன்று பிரியாண்ட் ஜெனீவாவில் பேசியதைக் கேட்டு அவையில் கண்ணீர் விட்டவர்கள் உண்டு: துப்பாக்கிகளே, இயந்திரத் துப்பாக்கிகளே, பீரங்கிகளே, விலகுங்கள்; சமரசத்துக்கும் மத்தியஸ்தத்துக்கும் அமைதிக்கும் வழிவிடுங்கள். ஒரு வாரத்தில் அவரும் ஸ்ட்ரெஸ்மானும் பிரெஞ்சுக் கிராமமான துவாரியில் மதிய உணவோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் தீர்த்துவிடுவது என்று பேசினார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது. இருவரின் தலைநகரங்களும் அந்தப் பேச்சை ஏற்கவில்லை.

1928-இல் போரையே சட்டவிரோதமாக்கிய கெல்லாக்-பிரியாண்ட் ஒப்பந்தம் வந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மீறினால் என்ன என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. 1929 அக்டோபர் 3 அன்று ஸ்ட்ரெஸ்மான் இறந்தார். அதே மாதம் நியூயார்க் பங்குச்சந்தை விழுந்தது. 1930 ஜூன் 30-இல் கடைசி நேச நாட்டு வீரரும் ரைன்லாந்தைவிட்டு வெளியேறினார், கெடுவுக்கு ஐந்து வருடம் முன்பே. அது ஸ்ட்ரெஸ்மானின் மிகப்பெரிய வெற்றி. அடுத்த இரண்டரை மாதத்தில் நடந்த தேர்தலில் நாஜிக் கட்சி 12 இடங்களிலிருந்து 107-க்குத் தாவியது.

ஹிட்லர் வந்த முதல் வருடங்களில் லொகார்னோவைத் தொடவில்லை. பன்னாட்டுச் சங்கத்திலிருந்து 1933 அக்டோபரில் வெளியேறினார். 1935 மார்ச்சில் கட்டாய ராணுவ சேவையை அறிவித்து வெர்சாயைக் கிழித்தார். வெர்சாய் திணிக்கப்பட்டது, லொகார்னோ நாங்களாகப் போட்ட கையெழுத்து, அதை மதிப்போம் என்று 1935 மே 21 அன்று பேசினார். அதற்கு ஒரு மாதம் முன்பு பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி மூன்றும் அவரைத் தடுப்பது பற்றிப் பேச ஸ்ட்ரேசாவில் கூடியிருந்தன. ஸ்ட்ரேசாவும் மஜ்ஜோரே ஏரிக்கரைதான், இத்தாலியப் பக்கம். பத்து வருடம் முன்பு ஜெர்மனியோடு சேர்ந்து படகில் போன அதே தண்ணீர். அந்தக் கூட்டணி ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை: ஜூனில் பிரிட்டன் யாரையும் கேட்காமல் ஜெர்மனியோடு கடற்படை உடன்பாடு செய்தது, அக்டோபரில் இத்தாலி எத்தியோப்பியாவுக்குள் புகுந்தது. லொகார்னோவின் இரண்டு ஜாமீன்தாரர்களில் ஒருவர் இப்போது தானே ஆக்கிரமிப்பாளர். இன்னொருவர் அவர்மேல் தடை விதித்துக்கொண்டிருக்கிறார்.

1936 மார்ச் 7, சனிக்கிழமை. பிரான்ஸ் சோவியத் ரஷ்யாவோடு போட்ட ஒப்பந்தம் லொகார்னோவுக்கு முரணானது என்ற காரணம் காட்டி, ரைன்லாந்துக்குள் ஹிட்லர் படை அனுப்பினார். ரைனைத் தாண்டி ஆஹென், ட்ரியர், சார்புருக்கன் என்று எல்லைப் பக்கம் போனவை மூன்றே பட்டாளங்கள். பிரெஞ்சு ராணுவத் தலைமை உள்ளே வந்த படையைப் பல மடங்கு கூட்டி மதிப்பிட்டது. பெரிய அளவில் ஆள் திரட்டாமல் ஒன்றும் செய்ய முடியாது என்றது. பாரிஸில் இருந்தது இடைக்கால அரசு, தேர்தலுக்கு ஏழு வாரம். ஸ்ட்ராஸ்பர்க் நகரம் ஜெர்மன் பீரங்கியின் குறியில் இருப்பதை விடமாட்டோம் என்று பிரதமர் சாரோ வானொலியில் முழங்கினார். அடுத்த நாள் எந்தப் படையும் நகரவில்லை.

இந்த இடத்தில் ஷரத்துகள் வேலை செய்தன, தலைகீழாக. பிரான்ஸ் தானாக நுழைந்திருக்கலாம். ஆனால் தனியாக நுழைந்து பிரிட்டனின் ஜாமீனை இழக்கப் பயந்தது. ஆறு வருடம் தேடிக் கிடைத்த அந்த ஒரு கையெழுத்து, இப்போது அதன் கையையே கட்டிப்போட்டது. பிரிட்டனைக் கேட்டால், பிரெஞ்சு மண்ணில் யாரும் கால் வைக்கவில்லையே, இது அப்பட்டமான தாக்குதலா, கவுன்சிலில் பேசுவோம் என்றது. தங்கள் வீட்டுக் கொல்லைக்குத்தானே போயிருக்கிறார்கள் என்ற பேச்சு லண்டன் விருந்துகளில் ஓடியது. சங்கத்தின் கவுன்சில் லண்டனில் கூடி, மார்ச் 19-இல் ஜெர்மனி 43-ஆம் ஷரத்தையும் லொகார்னோவையும் மீறியது என்று தீர்மானம் போட்டது. அத்தோடு சரி. சில மாதத்தில் பெல்ஜியம் கூட்டணிகள் எதுவும் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. ரைன்லாந்தில் ஜெர்மன் கோட்டைகள் எழும்ப, போலந்துக்கும் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகுக்கும் பிரான்ஸ் கொடுத்த வாக்குறுதி வரைபடத்தில் மட்டும் மிஞ்சியது.

ரைன்லாந்து ஒப்பந்தம் செத்தாலும் செக்கோஸ்லோவாக்கியாவோடு போட்ட மத்தியஸ்த ஒப்பந்தம் சாகவில்லை, காகிதத்தில். 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை விழுங்கியபோது, பிராகைச் சமாதானப்படுத்த, 1925 ஒப்பந்தத்துக்கு இன்னும் கட்டுப்பட்டிருக்கிறோம் என்று பெர்லின் உறுதி சொன்னது.

அந்த செப்டம்பரில், ஜெர்மானியர் அதிகம் வாழ்ந்த சுடேட்டன் எல்லைப் பகுதியை ஹிட்லருக்குக் கொடுத்துவிடச் சொல்லி பிரிட்டனும் பிரான்சும் பிராகை நெருக்கின. லொகார்னோவில் வெளி அறையில் காத்திருந்த பெனெஷ்தான் இப்போது குடியரசுத் தலைவர். 20-ஆம் தேதி அவருடைய அரசு பதில் கொடுத்தது: 1925 அக்டோபர் 16 அன்று ஜெர்மனியோடு செய்த ஒப்பந்தம் இருக்கிறது, அதன்படி மத்தியஸ்தத்துக்கு விடுங்கள், தீர்ப்பை ஏற்கிறோம். மறுநாள் அதிகாலை 2 மணிக்கு பிரிட்டிஷ் தூதரும் பிரெஞ்சுத் தூதரும் பெனெஷைத் தூக்கத்திலிருந்து எழுப்பினார்கள். அந்தப் பதிலைத் திரும்பப் பெறுங்கள், இல்லாவிட்டால் பிரான்ஸ் உதவிக்கு வராது என்றார்கள். அன்று மாலை பிராக் ஒத்துக்கொண்டது.